மலிவு விலை கார்தான் ஊர்க்காற்றைக் கெடுக்குதா? நானோ முதல் மூணாவது ஓனர் வரை

#1 ரெட்டைச் சிலிண்டர்

2008 ஜனவரி 10, டெல்லி ஆட்டோ எக்ஸ்போ. டாடா நானோ மேடை ஏறின அன்னைக்கே ரெண்டு பேச்சு கிளம்பிச்சு. ஒண்ணு, "ஒரு லட்ச ரூபாய்க்குக் காரா!" இன்னொண்ணு, "இது தெருவுக்கு வந்தா காத்து அவ்வளவுதான்." முதல் பேச்சு அடங்கிப் பல வருஷம் ஆச்சு. ரெண்டாவது இன்னும் ஓயலை. யாராவது சின்ன காருக்கு ஆதரவா வாயைத் திறந்தா உடனே சுற்றுச்சூழல்னு கொடி பிடிக்கிறாங்க.

நடந்தது என்ன? நானோவுக்கான குஜராத் சனந்த் ஆலை வருஷத்துக்கு இரண்டரை லட்சம் வண்டி செய்யறதுக்காகக் கட்டினது. நல்லா வித்த 2011-12-லயே 75,000-ஐத் தொடலை. 2018 ஜூன்ல மாசம் முழுக்கச் செஞ்சது ஒரே ஒரு வண்டி. நானோ தெருவை நிரப்பவே இல்லை, ஆனா காத்து கெட்டுத்தான் போச்சு. அப்போ யார் கெடுத்தது?

வண்டியையே பாருங்க. 624 சிசி, பின்பக்கம் ரெண்டு சிலிண்டர், எடை சுமார் 600 கிலோ, சோதனையில லிட்டருக்கு 23.6 கி.மீ. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ கார்பன் டை ஆக்சைடு. வகுத்தா கி.மீ.க்கு 98 கிராம். அந்தக் காலத்துல வித்த மத்த பெட்ரோல் கார்ல பெரும்பாலானது 110-க்கு மேலதான்.

நச்சு வாயுக் கணக்கு இன்னும் வேடிக்கை. 2010-ல பி.எஸ்.3 (பாரத் ஸ்டேஜ், நம்ம நாட்டுப் புகை விதியோட மூணாவது கட்டம்) பைக்குக்கு ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடு ரெண்டும் சேர்த்து கி.மீ.க்கு 1 கிராம் வரை அனுமதி. பி.எஸ்.3 பெட்ரோல் காருக்கு 0.20-ம் 0.15-ம் சேர்த்து 0.35 தான். பைக்ல நாலு பேரா நெருக்கிப் போற குடும்பம் நானோவுக்கு மாறினா, காகிதக் கணக்குப்படி இந்த ரெண்டும் குறையணும். மலிவுன்னா அழுக்குன்னு சொல்றவங்க எண்ணோட வாங்க.

#2 பொடிநடை

//எண்ணோட வாங்க//

வந்தேன். நீங்கள் வண்டிக்குக் கணக்குப் போட்டிருக்கிறீர்கள், நான் ஆளுக்குப் போடுகிறேன்.

100 சிசி பைக் லிட்டருக்கு 50 கி.மீ. தரும். கி.மீ.க்கு 46 கிராம், இரண்டு பேர் போனால் தலைக்கு 23. நானோ நகர நெரிசலில் 17 தந்தால் 135 கிராம். நாலு பேரும் ஏறினால் தலைக்கு 34, ஒருவர் மட்டும் ஆபீஸ் போனால் முழு 135-ம் அவர் தலையில். டவுன் பஸ் ஒரு லிட்டர் டீசலுக்கு 3.8 கி.மீ. போனால் சுமார் 700 கிராம். ஐம்பது பேர் இருந்தால் தலைக்கு 14, பாதி காலியாக ஓடினாலும் 28.

அடுத்தது இடம். நானோ நீளம் 3.1 மீட்டர், சாதாரண செடான் 4.4. சிக்னலில் நிற்கும்போது அந்த 1.3 மீட்டர் மிச்சம்தான். ஆனால் 40 கி.மீ. வேகத்தில் முன் வண்டிக்கு விடவேண்டிய இடைவெளியே 15, 20 மீட்டர். ஓடும்போது சின்ன காரும் பெரிய காரும் ஏறக்குறைய ஒரே அளவு ரோட்டைத்தான் தின்கின்றன. அந்த நெரிசலில் பஸ்ஸும் சிக்குகிறது. பஸ் தாமதமாகிறது, பஸ்ஸில் போனவர் பைக் வாங்குகிறார், பைக்காரர் கார் வாங்குகிறார். சோதனைச்சாலை அளக்காத சேதம் இது.

#3 கணக்குப்பிள்ளை

ரெண்டு பேரும் சொன்னதுல பாதி பாதி ஒத்துக்கறேன்.

டெல்லிக்காக ஐஐடி கான்பூர் செஞ்ச ஆய்வு 2016-ல வெளிவந்துச்சு. அதுல பி.எம்.2.5 நுண்துகள்ல வாகனப் புகையோட பங்கு 20%, ரோட்டுப் புழுதி 38%. அந்த வாகனப் புகைக்குள்ள பிரிச்சா லாரி 46%, இருசக்கர வண்டி 33%, கார் 10%. நுண்துகளை மட்டும் பார்த்தா கார் பெரிய வில்லன் இல்லை. ஆனா கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, அதுல இருந்து வெயில்ல உருவாகுற ஓசோன், இதெல்லாம் அந்த 10%-க்குள்ள தெரியாது. ரோட்டுப் புழுதியைக் கிளப்புறதும் டயர்தான், அதையும் சேர்த்துப் பார்க்கணும்.

அதைவிட முக்கியமா ஒண்ணு. ரோட்டோரம் ஒளிக்கற்றை பாய்ச்சி ஓடுற வண்டியோட புகையை அளக்குற முறை இருக்கு. பல நாட்டுல அப்படி அளந்தப்போ திரும்பத் திரும்ப வந்த முடிவு: பத்துல ஒரு வண்டி, மொத்த கார்பன் மோனாக்சைடுல ஏறக்குறைய பாதியை விடுது. அதனால "நானோ சராசரியா எவ்வளவு விடும்"ங்கிற கேள்வியே தப்பு. அந்தப் பத்தாவது வண்டி எது, அது யார் கையில இருக்குன்னு கேளுங்க.

#4 ஸ்பார்க் பிளக்

அந்தப் பத்தாவது வண்டி மூணாவது ஓனர் கையில இருக்கு சார்.

ஷோரூம் விலை மலிவா இருக்குறது பெரிய விஷயமே இல்லை. பி.எஸ்.4 ஆல்ட்டோவும் பி.எஸ்.4 சொகுசுக் காரும் ஒரே வரம்புக்குள்ளதான் பாஸ் ஆகணும்: கி.மீ.க்கு கார்பன் மோனாக்சைடு 1 கிராம், ஹைட்ரோகார்பன் 0.10, நைட்ரஜன் ஆக்சைடு 0.08. மலிவு கார்னு யாரும் சலுகை குடுக்கலை. பிரச்சினை, அந்தக் கார் பன்னெண்டு வருஷம் கழிச்சு எழுபதாயிரம் ரூபாய் வண்டியா ஆகும்போதுதான் ஆரம்பம்.

பெட்ரோல் கார்ல புகையைச் சுத்தம் பண்ற வேலையில பெரும்பங்கு கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு. இரும்பு டப்பாக்குள்ள தேன்கூடு மாதிரி செராமிக், அதுமேல பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. காத்தும் பெட்ரோலும் 14.7-க்கு 1-ங்கிற எடை விகிதத்துல எரிஞ்சு, டப்பா 300 டிகிரி கிட்ட சூடேறி இருந்தாத்தான் மூணு வாயுவையும் ஒரே நேரத்துல மாத்தும். விகிதம் கொஞ்சம் ரிச் ஆனா (பெட்ரோல் கூடினா) கார்பன் மோனாக்சைடு தப்பிச்சுடும், லீன் ஆனா (காத்து கூடினா) நைட்ரஜன் ஆக்சைடு தப்பிச்சுடும்.

ஒரிஜினல் கன்வர்ட்டரை மாத்தணும்னா பழைய சின்ன காரோட மறுவிற்பனை விலையில கால் பங்கு போயிடும், சில மாடலுக்கு அதுக்கும் மேல. யார் மாத்துவா? அது செத்துப்போனாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஏசி வரும், ஹாரன் அடிக்கும். ஓட்டுறவருக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. பின்னாடி பைக்ல வர்றவருக்குத்தான் கண் எரியும்.

#5 ரெட்டைச் சிலிண்டர்

அப்போ பியூசி (புகைச் சான்றுச் சோதனை) எதுக்கு அண்ணே? ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒருதடவை டியூப் வெச்சுப் பார்க்குறாங்களே. கன்வர்ட்டர் செத்த வண்டி அதுல ஃபெயில் ஆகாதா?

#6 ஸ்பார்க் பிளக்

எந்த வயசு வண்டிங்கிறதைப் பொறுத்தது தம்பி. வரம்பு இப்படி:

பி.எஸ்.2-க்கு முந்தின பெட்ரோல் கார்: ஐடிலிங்ல (வண்டி நின்னு எஞ்சின் மட்டும் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3%, ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம்.
பி.எஸ்.2, பி.எஸ்.3: 0.5%, 750 பி.பி.எம்.
பி.எஸ்.4, பி.எஸ்.6: 0.3%, 200 பி.பி.எம். அதோட 2500 ஆர்.பி.எம்.ல பிடிச்சு கார்பன் மோனாக்சைடு 0.2%, லாம்டா (காத்து-பெட்ரோல் விகிதத்தைக் காட்டுற எண், 14.7-க்கு 1-னா அது சரியா 1) 0.97-ல இருந்து 1.03-க்குள்ள.

பழைய கார்புரேட்டர் மாருதி 800-க்கு 3%ங்கிறது கன்வர்ட்டரே இல்லாம பாஸ் ஆகுற அளவு. மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுத்து உள்ள திருகினா ஐடிலிங் லீன் ஆகும், கார்பன் மோனாக்சைடு விழும், சீட்டு வரும். வெளிய வந்து ஸ்க்ரூ பழைய இடத்துக்கே போகும். பி.எஸ்.3 எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் பார்த்து இன்ஜெக்டர் வழியா பெட்ரோல் விடுற) வண்டியில சென்சார் நல்லா இருந்தா, கன்வர்ட்டர் பாதி செத்திருந்தாலும் 0.5%-க்குள்ள வர வாய்ப்பு இருக்கு. பி.எஸ்.4 வரம்பு ஒண்ணுதான் கொஞ்சம் கடிக்கும், அதுவும் அந்த 2500 ஆர்.பி.எம். சோதனையை ஒழுங்கா எடுத்தா.

நைட்ரஜன் ஆக்சைடை எந்த பியூசியும் அளக்குறது இல்லை. அளந்தாலும் பிரயோஜனம் கம்மி. அது எஞ்சின் பாரம் இழுக்கும்போது, உள்ள சூடு ஏறும்போது வர்ற வாயு. நின்ன இடத்துல ஐடிலிங்ல அளந்தா நல்ல பிள்ளையாத்தான் தெரியும்.

கன்வர்ட்டர் பெரும்பாலும் தானா சாகாது. யாராவது கொல்லணும். கொலைகாரங்க வரிசை:

1) மிஸ்ஃபயர். இதுதான் முதல் குற்றவாளி. தேஞ்ச பிளக், விரிசல் விட்ட காயில், கசியுற இன்ஜெக்டர். எரியாத பெட்ரோல் அப்படியே கன்வர்ட்டருக்குள்ள போய் அங்க எரியும். உள்சூடு 1000 டிகிரியைத் தாண்டி ஏறிக்கிட்டே போனா தேன்கூடு உருகி அடைச்சுக்கும். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த ஓ.பி.டி.2 (எஞ்சின் கோளாறைத் தானே கண்டுபிடிச்சுச் சொல்ற கம்ப்யூட்டர்) வண்டியில செக் எஞ்சின் விளக்கு *சிமிட்டினா* இதுதான் அர்த்தம். விடாம எரிஞ்சா "சீக்கிரம் பாரு", சிமிட்டினா "இப்பவே ஓரம் கட்டு". முன்னூறு ரூபாய் பிளக்கை மாத்தாம விட்டு கன்வர்ட்டரைப் பறிகொடுக்குறது இங்கதான்.

2) ஆயில் குடிக்குற எஞ்சின். எஞ்சின் ஆயில்ல தேய்மானத்தைத் தடுக்கச் சேர்க்குற பாஸ்பரஸ், துத்தநாகம் ரெண்டும் பூச்சு மேல படிஞ்சு மூடிடும். காலையில முதல் ஸ்டார்ட்ல நீலப்புகை வந்து நின்னா வால்வ் ஸ்டெம் சீல். ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் நீலம்னா ரிங். சீல் சின்னச் செலவு, அதுலயே நிறுத்திடுங்க.

3) கலப்படப் பெட்ரோல். ஈயம் நிரந்தரமாக் கொல்லும். நம்ம நாட்டுல 2000-த்திலேயே ஈயப் பெட்ரோல் போயாச்சு, உலகத்துல கடைசியா அல்ஜீரியா 2021-ல நிறுத்துச்சு. கந்தகம் தற்காலிகமா மயக்கும், சூடேத்தி ஓட்டினா ஓரளவு தெளியும். பி.எஸ்.3 பெட்ரோல்ல 150 பி.பி.எம். கந்தகம் இருந்துச்சு, இப்ப 10.

4) தண்ணி. நல்லா சூடா இருக்குற கன்வர்ட்டரோட வெள்ளத்துல இறக்கினா செராமிக் விரிசல் விடும். ஸ்பீட் பிரேக்கர்ல அடி வாங்கினாலும் அதே கதி.

செத்துச்சான்னு பார்க்குறது: ரப்பர் சுத்தியலால டப்பாவைத் தட்டுங்க. உள்ள கலகலன்னு சத்தம் கேட்டா உடைஞ்சாச்சு. ஓ.பி.டி.2 வண்டின்னா ஸ்கேனர்ல கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் இருக்குற ரெண்டு ஆக்சிஜன் சென்சாரையும் ஒரே கிராஃப்ல போடுங்க. முன்சென்சார் 0.1-க்கும் 0.9 வோல்ட்டுக்கும் நடுவுல ஆடணும், பின்சென்சார் 0.6, 0.7-ல சும்மா படுத்திருக்கணும். பின்னதும் முன்னது மாதிரியே ஆடினா கன்வர்ட்டர் வேலை செய்யலை. ஸ்கேனர்ல பிழைக் குறியீடு பி0420 வரும். வண்டி இழுக்காம முக்குச்சுன்னா அடைப்பு: முன்சென்சாரைக் கழட்டி அந்த ஓட்டையில அழுத்தம் அளக்குற கேஜ் மாட்டி 2500 ஆர்.பி.எம். குடுங்க, 3 பி.எஸ்.ஐ. தாண்டினா அடைச்சிருக்கு. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால முன்னும் பின்னும் சூடு பார்க்குறதை மட்டும் நம்பாதீங்க. நல்ல எஞ்சின்ல ஐடிலிங்ல வித்தியாசம் பெருசா தெரியாது.

இன்னொரு விஷயம். கன்வர்ட்டரை மட்டும் மாத்தாதீங்க. கொன்னவனை முதல்ல பிடிங்க, இல்லைன்னா புதுசும் ஆறு மாசத்துல போகும்.

#7 பழைய இரும்பு

ஸ்பார்க் பிளக் அண்ணன் கொலைன்னார். திருட்டையும் சேர்த்துக்கங்க.

ரோடியம் விலை 2021-ல அவுன்ஸ் 25,000 டாலரைத் தாண்டிச்சு. இப்ப அந்த அளவு இல்லைன்னாலும் செத்த கன்வர்ட்டருக்குக்கூட ரொக்கம் கிடைக்கும், உலோகம் எங்கயும் போகலையே. அதனால சர்வீஸுக்கு விட்ட வண்டியில டப்பாவை அறுத்து, செராமிக்கைக் குத்தி எடுத்துட்டு, வெறும் டப்பாவைத் திரும்ப வெல்டிங் வெச்சு அனுப்புற வேலை நடக்குது. "அடைப்பு எடுத்தாச்சு, பிக்கப் பாருங்க"ன்னு அதுக்குக் கூலியும் வாங்குவாங்க. ஓனர் சந்தோஷமாப் போவார்.

பழைய வண்டி வாங்கும்போது கீழ குனிஞ்சு பாருங்க. டப்பாவோட இடுப்புல கம்பெனி மடிப்பைத் தவிர ரெண்டாவது வெல்டிங் கோடு இருக்கா? தட்டினா வெண்கலப் பானை மாதிரி ஓசையா? பின்சென்சாருக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு விரல் நீளத்துக்கு ஒட்டு நட் இருக்கா? இருந்தா எஞ்சின் கம்ப்யூட்டரை ஏமாத்தியிருக்காங்க.

உலகம் முழுக்க இதே கதைதான். ஏழை நாட்டுக்குப் போற மலிவு கார் நானோ இல்லை, பணக்கார நாடு கழிச்சுக் கட்டின கார். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2015-ல இருந்து 2018 வரைக்கும் ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்காவுல இருந்து 1.4 கோடி பழைய இலகு வாகனம் ஏற்றுமதி. அதுல 80% குறைஞ்ச, நடுத்தர வருமான நாட்டுக்கு, மொத்தத்துல சுமார் 40% ஆப்பிரிக்காவுக்கு. நெதர்லாந்து தன் துறைமுகத்துல கப்பலேறக் காத்திருந்த வண்டிகளைச் சோதிச்சுப் பார்த்தப்போ, நிறைய வண்டிக்குச் செல்லுபடியான தகுதிச் சான்று கிடையாது, சிலதுல கன்வர்ட்டரே கிடையாது. யூரோ 3, 4-ன்னு (ஐரோப்பாவோட புகை விதி) தாள்ல இருக்கும், டப்பா காலி. போய் இறங்குற ஊர்ல பல வருஷமா டீசல்ல ஆயிரக்கணக்கான பி.பி.எம். கந்தகம். கானா 2017-ல 50-க்குக் குறைச்சுது. மேற்கு ஆப்பிரிக்கக் கூட்டமைப்பு 2021-ல இருந்து யூரோ 4-ன்னு விதி வெச்சுது. கென்யா எட்டு வருஷத்துக்கு மேலான வண்டியை உள்ள விடுறதில்லை. எத்தியோப்பியா 2024-ல பெட்ரோல், டீசல் கார் இறக்குமதியையே நிறுத்திட்டது.

#8 வன்னிக்காற்று

இஞ்ச இலங்கையிலை நிலைமை கொஞ்சம் வேறை மாதிரி, அதையும் சொல்லலாம் எண்டு நினைக்கிறன்.

நானோ கொழும்பிலை பட்ஜெட் டக்சியாத்தான் கூட ஓடினது. அதாவது மலிவு கார் முச்சக்கர வண்டிக்குப் பதிலா வந்தது, பஸ்ஸுக்குப் பதிலா இல்லை. புகைப் பரிசோதனை 2008இலை மேல் மாகாணத்திலை தொடங்கி பிறகு மற்ற மாகாணங்களுக்கும் வந்தது. அந்தச் சான்றிதழ் இல்லாமல் வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம் (வாகன வரிப் பத்திரம்) எடுக்க ஏலாது. பரிசோதனையைப் பத்திரத்தோடை கட்டிவிட்டதாலை ஆரும் டிமிக்கி விடுறது கஷ்டம்.

ஆனால் 2020 மார்ச்சிலை வாகன இறக்குமதியை நிப்பாட்டினது 2025 பெப்ரவரியிலைதான் தனியார் கார்களுக்குத் திறந்தது. அஞ்சு வருசம் இருக்கிற வாகனமெல்லாம் கிழடானதுதான் மிச்சம். பழைய ஆல்ட்டோவைக்கூட வாங்கின விலையைவிடக் கூட விலைக்கு வித்தவை. எல்லாரும் ஒட்டுப் போட்டு ஓடினம்.

முக்கியமா ஜப்பான் ரீகண்டிஷன் ஹைபிரிட், அதாவது பெற்றோலிலையும் பற்றரியிலையும் ஓடுற பழைய கார். பற்றரி பலவீனமானால் முழுசா மாத்தாமல் செத்த மொடியூலை மட்டும் மாத்துவினம். டொயோட்டா அக்குவாவிலை 7.2 வோல்ட் மொடியூல் 20 இருக்கும். ஒண்டு ரெண்டை மாத்தினால் புதுசுக்கும் பழசுக்கும் கொள்ளளவு ஒத்துப் போகாது, கொஞ்ச மாதத்திலை பக்கத்திலை இருக்கிறது விழும். பிறகு அது. பின் சீற் பக்கத்திலை இருக்கிற பற்றரி விசிறியின்ரை வலைத்தட்டைத் துப்பரவாக்காமல் விடுறதுதான் பாதிப் பிரச்சினைக்குக் காரணம். தூசி அடைச்சால் பற்றரி சூடாகும், கார் எஞ்சினைக் கூட நேரம் ஓட்டும், ஹைபிரிட் எண்ட பேர் மட்டும்தான் மிஞ்சும். தட்டைக் கழட்டி பிரஷ்சாலை துடைக்கிறது பத்து நிமிச வேலை.

#9 குளிர்பதனி

புகைக்குழாயையே எல்லாரும் பார்க்கறீங்க. பானெட்டுக்குள்ள ஒரு திருடன் இருக்கான், ஏசி கேஸ்.

பழைய சின்ன காரோட ஏசியில சுமாரா 400 கிராம் ஆர்134ஏங்கிற கேஸ் இருக்கும். வெப்பமாக்குற திறன் கார்பன் டை ஆக்சைடைப்போல 1430 மடங்கு. 400 கிராமும் கசிஞ்சா 572 கிலோவுக்குச் சமம். அது 250 லிட்டர் பெட்ரோல் எரிக்கிறதுக்குச் சமம், ஆல்ட்டோவை நகர நெரிசல்ல சுமார் 4,000 கி.மீ. ஓட்டுறதுக்குச் சமம். ஒவ்வொரு கோடையிலயும் "கேஸ் கம்மி சார், டாப் அப் பண்ணிடலாம்"னு ஏத்தி, அடுத்த கோடைக்குள்ள கசிஞ்சு போற வண்டி மூணு வருஷத்துல என்ன செய்யும்னு நீங்களே பெருக்கிப் பாருங்க.

ஏசி கேஸ் தானாத் தீர்ந்துபோற சமாச்சாரம் இல்லை. குறைஞ்சா கசிவு இருக்கு. சரியான முறை: மிச்ச கேஸை ரெக்கவரி மெஷின்ல இழுக்கணும் (வால்வைத் திறந்து காத்துல விடுறது இல்லை), நைட்ரஜன் அழுத்தம் குடுத்து சோப்புத் தண்ணியில கசிவு தேடணும், ஓ-ரிங்கோ கண்டன்சரோ எதுன்னு கண்டுபிடிச்சு மாத்தணும், அரை மணி நேரமாவது வாக்குவம் இழுக்கணும், வாக்குவம் நிக்குதான்னு பார்க்கணும், அப்புறம் பானெட் ஸ்டிக்கர்ல போட்ட கிராம் அளவை *எடை வெச்சு* ஏத்தணும். கேஜ் முள்ளை மட்டும் பார்த்து ஏத்தினா அளவு கூடிப்போகும், கம்ப்ரசர் திணறும், மைலேஜும் விழும். மலிவா விக்கிற டப்பா கேஸ்ல எரிவாயு கலந்தது வருது. அதைக் காருக்குள்ள ஏத்துறது ஆபத்து.

ஸ்பார்க் பிளக் சொன்னதேதான் இங்கயும். முதல் ஓனர் கண்டன்சர் மாத்துவார், மூணாவது ஓனர் டாப் அப் பண்ணுவார்.

#10 பொடிநடை

சரி, வண்டி தரமாகப் பிறந்து கிழடாகும்போது கெடுகிறது என்கிறீர்கள். அப்படியானால் 15 வருடத்தில் கழித்துக்கட்டுவதுதானே தீர்வு? டெல்லியில் 10 வருட டீசல், 15 வருட பெட்ரோல் என்று விதி வந்தது அதற்குத்தானே?

#11 பழைய இரும்பு

டெல்லி விதியால பெரும்பாலான வண்டி உடைபடலை, ஊர் மாறிச்சு. தடையில்லாச் சான்று வாங்கி வேற மாநிலத்துப் பதிவுக்குப் போச்சு. ஐரோப்பா ஆப்பிரிக்காவுக்கு அனுப்புறதும் இதுவும் ஒண்ணுதான், கப்பல் மட்டும் இல்லை. வயசை மட்டும் பார்த்தா, நல்லா வெச்சிருக்குற 16 வருஷ வண்டி போகும், டப்பா காலியான 8 வருஷ வண்டி நிக்கும்.

உடைக்கிறதுலயும் ரெண்டு வகை. 2021-ல வந்த விதிப்படி பதிவு பெற்ற உடைப்பு நிலையம்னா முதல்ல பேட்டரி கழட்டணும், தீப்பொறி வராம இருக்க. அப்புறம் பெட்ரோல் டேங்க் காலி. ஏர்பேக் வெடிக்க வைக்கணும். ஏசி கேஸ் இழுக்கணும். எஞ்சின் ஆயில் ஒரு மூணு லிட்டர், கியர் ஆயில் ரெண்டு, கூலன்ட் மூணு நாலு, பிரேக் ஆயில் அரை லிட்டர், ஒவ்வொண்ணும் தனித்தனி கேன்ல. கன்வர்ட்டர் தனியா. அதுக்கப்புறம்தான் வெட்டு.

நம்ம ஊர் பக்கம் தெருவோர உடைப்புல கேஸ் கட்டர் முதல்ல வரும். ஆயில் மண்ணுக்கு, கேஸ் வானத்துக்கு. ஒயரிங்கைக் குவிச்சு நெருப்பு வெச்சு செம்பு எடுப்பாங்க, பி.வி.சி. எரிஞ்சா டையாக்சின். சின்ன கார் பேட்டரி 10 கிலோ, அதுல பாதிக்கு மேல ஈயம். அது முறையான உருக்காலைக்குப் போகாம குடிசை உருக்குக்குப் போனா அந்தத் தெரு மண்ணே ஈயமாகும். புதுப்பேட்டை மாதிரி இடங்களைக் குறை மட்டும் சொல்லிட்டுப் போகவும் முடியாது. கதவு, கியர்பாக்ஸ், ஆல்டர்னேட்டர்னு கழட்டி மறுபடி பயன்படுத்துறது, உருக்கிப் புதுசு செய்யறதைவிடச் சுற்றுச்சூழலுக்கு நல்லது. முதல் ரெண்டு மணி நேர வேலை, அந்தத் திரவமும் வாயுவும் எடுக்குற வேலை, அதுதான் அங்க இல்லை.

ஓனருக்கு லாபம் என்னன்னா: வண்டியை உடைக்கக் குடுத்ததுக்கு நிலையம் தர்ற வைப்புச் சான்று வாங்கினா புது வண்டி விலையில 4-6% அளவுக்கு மதிப்பு, சொந்த வண்டிக்குச் சாலை வரியில 25% வரை சலுகை குடுக்கலாம்னு விதி. ஆனா மூணாவது ஓனர் புது வண்டி வாங்குற ஆளே இல்லையே, அந்தச் சான்றை வெச்சு அவர் என்ன பண்ணுவார்? அதை வேற ஒருத்தருக்கு விக்கலாம்ங்கிறது பலருக்குத் தெரியாது. 15 வருஷம் தாண்டின காருக்குப் பதிவு புதுப்பிக்க 600-ஆ இருந்த கட்டணம் 2022-ல 5,000 ஆச்சு. அதுக்கே வண்டியைப் புதுப்பிக்காம ஓட்டுறவங்க இருக்காங்க. அப்படி ஓடுற வண்டி எந்தச் சோதனைக்கும் வராது.

#12 ரெட்டைச் சிலிண்டர்

நான் கேட்ட கேள்வி இதுதான்: சின்ன கார் செத்துப்போச்சு, அதனால ஊர் நல்லா ஆச்சா? 2023-24-ல வித்த பயணிகள் வண்டியில பாதிக்கு மேல எஸ்.யு.வி. வகை. 600 கிலோ நானோ இடத்துல 1,200-ல இருந்து 1,700 கிலோ. அவ்வளவு எடைக்கும் டயர் தேயணும், பிரேக் தேயணும், புழுதி கிளம்பணும். அதுக்கு எந்த கன்வர்ட்டரும் கிடையாது. இரும்பு எங்கிருந்து வருது? நம்ம நாட்டுல ஒரு டன் இரும்பு செய்ய சுமார் இரண்டரை டன் கார்பன் டை ஆக்சைடு. அன்னைக்கு நானோவைத் திட்டினவங்க இன்னைக்கு அதைப்போல ரெண்டு மடங்கு எடையில உட்கார்ந்து போறாங்க.

#13 கணக்குப்பிள்ளை

இதுல நீங்க சொல்றது சரி. சட்டமே அதுக்கு வழிவிடுது. எரிபொருள் சிக்கன விதி 2017-ல வந்தப்போ கம்பெனியோட மொத்த விற்பனைக்குச் சராசரி கி.மீ.க்கு 130 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 2022-23-ல இருந்து 113. கேட்க நல்லா இருக்கும். ஆனா இலக்கு வண்டி எடையோட ஏறும். கனமான வண்டி விக்கிற கம்பெனிக்குத் தளர்ந்த இலக்கு, லேசான வண்டி விக்கிறவனுக்கு இறுக்கமான இலக்கு. எடையைக் குறைச்சா பரிசு இல்லை, இலக்கும் கூடவே இறங்கிடும். எடைக்குப் பதில் வண்டி அடைக்கிற பரப்பளவை வெச்சுக் கணக்குப் போட்டா (அமெரிக்கா அப்படித்தான் செய்யுது) லேசாச் செய்யறதுக்குக் காரணம் கிடைக்கும். அங்க வண்டியையே அகலமாக்கித் தப்பிக்கறாங்க, அது வேற கதை.

#14 பொடிநடை

எஸ்.யு.வி. மோசம் என்பதால் சின்ன கார் நல்லது ஆகிவிடாது. பஸ் நல்லது. ஆனால் மூன்றாவது ஓனர் வாதத்தை ஏற்கிறேன். அவரைத் தண்டிப்பதைவிட, பெயர் மாற்றும் நாளில் கன்வர்ட்டர் சோதனையைக் கட்டாயமாக்கலாம். விற்பவர் கையில் அப்போதுதான் பணம் வருகிறது, செலவை அவர் தலையில் வைக்கலாம். வன்னிக்காற்று சொன்னதுபோல ஒரு தாளோடு கட்டினால்தான் நடக்கும்.

#15 சின்னாளப்பட்டி

குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். ஸ்பார்க் பிளக் அண்ணே, 2014 பி.எஸ்.4 ஆல்ட்டோ, பியூசியில கார்பன் மோனாக்சைடு 0.02, ஹைட்ரோகார்பன் 40, ரெண்டும் அருமை. லாம்டா மட்டும் 1.06-ன்னு ஃபெயில். மெக்கானிக் கன்வர்ட்டர் போச்சு, மாத்தணும்ங்கிறார். சரியா?

#16 ஸ்பார்க் பிளக்

மாத்தாதீங்க. கன்வர்ட்டர் செத்திருந்தா கார்பன் மோனாக்சைடு 0.02 எப்படி வரும்? புகையில வெளிக்காத்து கலக்குது, அதான் லாம்டா ஏறுது.

எஞ்சின் ஆறி இருக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, சைலன்சர் வாயை ஈரத் துணியால கொஞ்சம் மூடச் சொல்லுங்க, இன்னொருத்தர் மேனிஃபோல்டு கேஸ்கெட்ல இருந்து பின்னால வரைக்கும் சோப்புத் தண்ணி ஸ்ப்ரே அடிக்கணும். குமிழ் வர்ற இடம் கசிவு. அதிகமா வர்றது மேனிஃபோல்டுக்கும் முன்பைப்புக்கும் நடுவுல இருக்குற கேஸ்கெட், இல்லைன்னா முன்சென்சாரோட இழைப்பக்கம். கறுப்பா மசி படிஞ்ச கோடு தெரிஞ்சா அதான் இடம். அந்தக் கசிவு முன்சென்சாருக்கு முன்னால இருந்தா இன்னும் மோசம்: லீன்னு நினைச்சு கம்ப்யூட்டர் பெட்ரோலை அதிகமாக் குடுக்கும், நாள் போக்குல கன்வர்ட்டர் நிஜமாவே போகும்.

கேஸ்கெட் மாத்தும்போது போல்ட்டு ரெண்டையும் சேர்த்தே மாத்துங்க, பழசு துருப்பிடிச்சு இழை போயிருக்கும். அப்புறம் பத்துப் பதினஞ்சு நிமிஷம் ரோட்ல ஓட்டிச் சூடேத்திட்டு நேரா பியூசிக்குப் போங்க. டியூபை சைலன்சருக்குள்ள ஒரு அடியாவது விடச் சொல்லுங்க. நுனியில சும்மா வெச்சாலும் வெளிக்காத்து கலந்து இதே 1.06 காட்டும். அதனால கேஸ்கெட்டைத் தொடுறதுக்கு முன்னாடி டியூபை ஒழுங்கா விட்டு இன்னொருதடவை எடுத்துப் பாருங்க.